காட்டுக்கூச்சல் என்று சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில், கிளிநொச்சியில் அண்மையில் நடந்த ஒரு கலை நிகழ்வு பற்றி அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தை வாசித்தேன். நான்கு இளைஞர்கள் கிற்றாரும் ட்றம்ஸுமாக மேடையேறி ஆங்கிலப் பாட்டொன்றைத் தொடங்கிய சற்று நேரத்தில் ஒலிபெருக்கியை நிறுத்தியது சரியான செயலே என்றும், அது வயிறு நிறைந்த வெள்ளைக்காரன் பொழுது போகாமல் போட்ட காட்டுக்கூச்சல் என்றும், இவ்வளவு துயரம் கண்ட வன்னி மண்ணுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். அன்று நானும் அந்த மண்டபத்தில் பின்வரிசையில் இருந்தேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் என்னிடம் கணிதம் படித்தவன். அவர்கள் பாடத் தொடங்கிய பாட்டு, லண்டனைச் சேர்ந்த த கிளாஷ் என்னும் பங்க் றொக் இசைக்குழுவினுடையது. அதை அவர்களுக்குக் கொடுத்தவனும் நானே. ஆகவே அன்பருக்குப் பதில் சொல்லும் கடமை அந்த இளைஞர்களுக்கு அல்ல, எனக்கே உண்டு.

அந்தக் குழுவின் பாட்டுகளை நான் முதன்முதலில் கேட்டது 1981 ஆம் ஆண்டில், எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது. என் பெரியம்மாவின் மகன் 1976 இல் படிப்புக்காக லண்டன் சென்றிருந்தார். அக்காலத்தில் வெளிநாட்டில் இருப்பவர்கள் கடிதம் எழுதுவதோடு, கசெற்றில் பேசியும் அனுப்புவார்கள். அண்ணா அனுப்பிய தொண்ணூறு நிமிடக் கசெற்றில், த கிளாஷ் குழு 1979 டிசம்பரில் வெளியிட்ட ‘லண்டன் கோலிங்’ இசைத்தட்டு முழுவதும் பதிவாகியிருந்தது. பத்தொன்பது பாட்டுகளும் முடிந்தபின் எஞ்சிய இருபத்தைந்து நிமிடத்தில், நாடா ஓடித் தீரும்வரை, தாயாருக்கு அண்ணா பேசியிருந்தார்.

இதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. மகனின் குரலைக் கேட்க விரும்பும் போதெல்லாம் பெரியம்மா பாட்டுகளையும் கேட்க வேண்டியிருந்தது. நாடாவை முன்னே ஓட்டிக் குரல் வரும் இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் சொன்னால், “வேண்டாம் தம்பி, அவன் கேட்ட பாட்டை நானும் கேட்டிட்டு வாறன்” என்று சொல்லிவிடுவார். கசெற் அட்டையில் அண்ணா தன் கையெழுத்தில் பாட்டுகளின் பெயர்களை எழுதியிருந்தார். அதில் பதினெட்டுப் பெயர்களே இருந்தன. கடைசிப் பாட்டு பெயரில்லாமல் வந்தது. இசைத்தட்டின் உறை அச்சாகிய பின்னர் சேர்க்கப்பட்ட பாட்டு அது என்பதும், அதனால் மூல உறையிலேயே அதன் பெயர் இடம்பெறவில்லை என்பதும், அண்ணா உறையைப் பார்த்தே எழுதினார் என்பதும் எனக்குத் தெரியவர இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன. எங்கள் வீட்டில் அதற்குப் பேரில்லாப் பாட்டு என்றே பெயர். அது தொடங்கினால் பெரியம்மா நிமிர்ந்து உட்காருவார். அது முடிந்து நான்கைந்து விநாடி வெறும் இரைச்சல் ஓடும். பிறகு, “அம்மா, நான் சுகமாய் இருக்கிறன்” என்று அண்ணாவின் குரல் வரும்.

1990 இல் பொருளாதாரத் தடை வந்து பற்றரி தடைசெய்யப்பட்ட பின்னர் நாங்கள் எப்படி வானொலி கேட்டோம் என்பதை இந்த மாவட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் தலையைப் பின் ரயரில் அழுத்தி வைத்து, அதிலிருந்து இரண்டு வயர்களை இழுத்து, நான்கு டையோட்டுகளின் ஊடாகக் கசெற் றேடியோவுக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் பாட்டும் தளரும், பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் தடித்துப் போகும். மறுபடி வேகமாகச் சுற்றினால் குரல் மேலேறி வரும். அறுபத்தைந்து நிமிடம் பாட்டுக்கும் இருபத்தைந்து நிமிடம் கடிதத்துக்குமாக ஒன்றரை மணி நேரம் பெரியம்மாவுக்காக நான் பெடல் சுற்றியிருக்கிறேன். அந்தக் குழுவின் ஒவ்வொரு பாட்டிலும் எந்த இடத்தில் ட்றம்ஸ் இறுகுகிறது, எந்த இடத்தில் இளகுகிறது என்பதை என் காதுக்கு முன்னர் என் கைதான் கற்றுக்கொண்டது.

அதே சைக்கிளில், அதே டைனமோவில்தான் இரவு ஒன்பதேகாலுக்கு லண்டன் பிபிசி தமிழோசையும் கேட்டோம். அந்த இசைத்தட்டுக்கும் அதன் முதற்பாட்டுக்கும் உரிய ‘லண்டன் கோலிங்’ என்ற தலைப்பே பிபிசி வானொலியிலிருந்து வந்தது என்பதை அன்பர் அறிந்திருக்க மாட்டார் என எண்ணுகிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கைப்பற்றப்பட்ட நாடுகளில் ஒளித்து வைத்து வானொலி கேட்டவர்களுக்கு, லண்டன் அழைக்கிறது என்று அறிவித்தே பிபிசி தன் ஒலிபரப்பைத் தொடங்கும். குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரமர் அந்தச் சொற்களை எடுத்து, தேம்ஸ் நதி கரை மீறி நகரம் மூழ்கிவிடுமோ, அணு உலை விபத்து வருமோ என்று அஞ்சிக் கிடந்த 1979 ஆம் ஆண்டு லண்டனின் அவசர அறிவித்தலாக மாற்றினார். இருட்டில் வானொலிக்கு மேல் குனிந்து, லண்டன் என்ன சொல்கிறது என்று காத்திருந்த எங்களுக்கு அந்தப் பாட்டு விளங்காமற் போகுமா? 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டு வயல்களும் வீடுகளும் வெள்ளத்தில் கிடந்தபோது, என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததும் அதே பாட்டுத்தான்.

வயிறு நிறைந்தவர்களின் சத்தம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அந்தக் குழு உருவான 1976 இல், பிரித்தானியாவில் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலையில்லாமல் இருந்தார்கள். அந்த ஆண்டில் அந்த நாட்டு அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்திடம் 390 கோடி டொலர் கடன் கேட்டு நின்றது. 2022 இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நமக்கு அந்த நிலைமையின் சாயல் தெரியும். கிற்றார் வாசித்த மிக் ஜோன்ஸ், லண்டனில் வீதி மேம்பாலம் ஒன்றை அண்டிய அடுக்குமாடியில், பதினெட்டாம் மாடியில், தன் பாட்டியுடன் வாழ்ந்தவர். பேஸ் கிற்றார் வாசித்த போல் சிமோனனுக்கு ஆரம்பத்தில் அந்த வாத்தியம் வாசிக்கவே தெரியாது. எங்கே விரல் வைக்க வேண்டும் என்பதைக் கிற்றாரின் கழுத்தில் வண்ணத்தால் எழுதி வைத்துக்கொண்டு பழகினார். ஜோ ஸ்ட்ரமர் ஏழை வீட்டுப் பிள்ளை அல்லர் என்பதையும் நான் மறைக்கவில்லை. அவருடைய தந்தை இந்தியாவின் லக்னோவில் பிறந்து பிரித்தானிய வெளிநாட்டுச் சேவையில் பணியாற்றியவர். ஸ்ட்ரமர் பிறந்தது துருக்கியின் அங்காராவில், படித்தது விடுதிப் பாடசாலையில். ஆனால் அவர் அந்த வாழ்க்கையை விட்டு, ஆளில்லாமல் கிடந்த வீடுகளில் நண்பர்களோடு புகுந்து வாழ்ந்தவர். அவருடைய முந்தைய குழுவின் பெயரே அப்படி அவர்கள் இருந்த வீட்டின் இலக்கமான 101 இலிருந்து வந்தது.

அவர்கள் பாடியதைவிட அவர்கள் செய்தது எனக்குப் பெரிது. ‘லண்டன் கோலிங்’ இரண்டு தட்டுகள் கொண்டது. அதை ஒரு தட்டின் விலைக்கே விற்க வேண்டும் என்று கம்பனியோடு மல்லுக்கட்டி வென்றார்கள். அடுத்த ஆண்டு ‘சண்டினிஸ்டா’ என்ற பெயரில் முப்பத்தாறு பாட்டுகளை மூன்று தட்டுகளில் வெளியிட்டபோது, விலையைக் குறைப்பதற்காக, முதல் இரண்டு இலட்சம் பிரதிகளுக்கான தங்கள் உரிமைப் பணத்தையே விட்டுக்கொடுத்தார்கள். பாட்டுக் கேட்கிறவனின் சட்டைப்பையில் எவ்வளவு இருக்கிறது என்று நினைத்துப் பார்த்த இசைக்குழுக்கள் எத்தனை?

அண்ணா 2003 இல் வந்தபோது சொன்ன ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். எழுபதுகளின் பிற்பகுதியில் லண்டனில் நிறவெறிக் கட்சியினர் ஊர்வலம் போனார்கள். மொட்டைத்தலைக் கும்பல்கள் ஆசியரைத் தெருவில் அடித்தார்கள். அண்ணா இரவு வேலை முடிந்து ரயில் நிலையத்திலிருந்து அறைக்குப் போகும்போது ஒருபோதும் நேர்வழியில் போனதில்லையாம். 1978 ஏப்ரல் 30 அன்று, நிறவெறிக்கு எதிராக, டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனில் உள்ள விக்ரோரியா பூங்கா வரை பெரும் ஊர்வலம் நடந்தது. அங்கே மேடையேறிப் பாடியவர்களில் த கிளாஷ் குழுவும் ஒன்று. சக மாணவன் ஒருவன் இழுத்துக்கொண்டு போனதால் அண்ணாவும் போயிருந்தார். பாட்டில் ஒரு சொல்லும் விளங்கவில்லை என்றும், ஆனால் அத்தனை ஆயிரம் வெள்ளைக்காரர் நடுவில் அச்சமில்லாமல் நின்ற முதல் நாள் அதுதான் என்றும் சொன்னார். அதற்கு நான்கு நாட்களுக்குப் பிறகு, மே 4 அன்று, அல்தாப் அலி என்ற வங்காளத் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கிழக்கு லண்டன் தெருவில் கொல்லப்பட்டார். பத்து நாட்களின் பின் ஆயிரக்கணக்கான வங்காளிகள் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் பிரதமரின் வாசஸ்தலம் வரை நடந்தார்கள். அண்ணா அந்த ஊர்வலத்திலும் நடந்தார். இம்முறை யாரும் அவரை இழுத்துப் போகவில்லை.

எங்கள் கதைக்குத் திரும்புகிறேன். 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரத்துக்கு இடம்பெயர்ந்தபோது, மூட்டை கட்டிய சைக்கிள் ஒரு வாய்க்காலில் சரிந்து, கசெற் தண்ணீரில் விழுந்தது. அதன் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, நாடாவை வெளியே எடுத்து, நிழலில் கொடியில் தொங்கவிட்டு உலர்த்தி, மறுபடி பென்சிலால் சுற்றி வைத்தேன். தப்பியது. ஆனால் சுருளின் வெளிப்பக்கம் இருந்த பகுதி கெட்டுவிட்டது. முதற்பாட்டின் நடுவில், குரல் தண்ணீருக்குள் ஒருமுறை முங்கி எழுவதுபோல், ஒரு விநாடி இல்லாமற் போயிற்று. அதே நாடாவின் மறுபக்கத்தில் அதே இடத்தில் இருந்தது அண்ணாவின் கடிதத்தின் முடிவு. அதுவும் போயிற்று. பெரியம்மாவுக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்த இடம் வந்ததும் அவர் தன் வாயால் அதைச் சொல்லி நிரப்பிவிடுவார். 1999 இல் மல்லாவியில் அவர் காலமானார்.

2002 இல் ஏ9 பாதை திறந்தது. மறு ஆண்டு அண்ணா வந்தார். ‘லண்டன் கோலிங்’ இசைத்தட்டின் உறையை அன்றுதான் நான் முதன்முதலில் கண்டேன். 1979 செப்டெம்பரில் நியூயோர்க் மேடையில் போல் சிமோனன் தன் பேஸ் கிற்றாரை நிலத்தில் அடிக்க ஓங்கிய கணம் அது. அதைப் படமெடுத்த பெனி ஸ்மித், படம் தெளிவாக விழவில்லை என்று சொல்லி அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றாராம். ஸ்ட்ரமர் விடவில்லை. பேரில்லாப் பாட்டுக்குப் பெயரும் அன்றுதான் கிடைத்தது. ஜோ ஸ்ட்ரமர் 2002 டிசம்பர் 22 அன்று, பிறவியிலேயே இருந்தும் கண்டறியப்படாத இருதயக் குறைபாட்டால், ஐம்பதாவது வயதில் இறந்துவிட்டார் என்பதையும் அண்ணாவே சொன்னார். இறப்பதற்கு ஐந்து வாரத்துக்கு முன், வேலைநிறுத்தம் செய்த தீயணைப்புப் படையினருக்காக அவர் லண்டனில் பாடியிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அவரோடு மேடையில் சேர்ந்து வாசிக்காதிருந்த மிக் ஜோன்ஸும் அன்று கூட்டத்திலிருந்து மேடையேறி அவரோடு வாசித்தாராம்.

அன்றிரவு அண்ணாவுக்குக் கசெற்றைப் போட்டுக் காட்டினேன். அது இன்னும் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. தன் இருபத்தைந்து வயதுக் குரலை அவர் தலை குனிந்தபடியே கேட்டார். நாடா கெட்ட இடம் வந்ததும், “இதில நான் என்னடா சொன்னனான்?” என்று கேட்டார். பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்ததை நான் சொன்னேன். “அடுத்த வருசம் வருவன் அம்மா.”

போகும்போது அண்ணா அந்தக் கசெற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார். அதனால்தான் அது இன்று இருக்கிறது. மூலக் கசெற் 2009 இல் இரணைப்பாலையில் ஒரு பதுங்குகுழியோடு போய்விட்டது. அந்த நாட்களைப் பற்றி எழுதுவதற்கு இந்தக் கடிதம் இடமல்ல. 2011 இல் அண்ணா பென் ட்ரைவ் ஒன்றில் அந்தப் பிரதியை அனுப்பி வைத்தார். நல்ல பதிவு இப்போது எந்தக் கைத்தொலைபேசியிலும் கிடைக்கிறது. நான் இரண்டையும் கேட்கிறேன். நல்ல பதிவைக் கேட்கும்போதும், முதற்பாட்டின் நடுவில் என் காது அந்த ஒரு விநாடிக்காகத் தானாகவே காத்திருக்கிறது.

இந்த மண்ணுக்கும் அந்த இசைக்கும் உறவில்லை என்ற வாதத்துக்கு இன்னும் ஒன்று சொல்வேன். 2010 இல் வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே ஒரு பாட்டு ஒலித்தது. அதன் முதல் கிற்றார் அடியைக் கேட்டதும் நான் அதிர்ந்து நின்றேன். த கிளாஷ் 1982 இல் வெளியிட்ட ‘கொம்பட் றொக்’ இசைத்தட்டில் உள்ள ‘ஸ்ட்ரெயிற் ரு ஹெல்’ என்ற பாட்டின் தொடக்கம் அது. வேலை மூடப்பட்ட ஊர்களில் வேண்டாதவர்களாக நிற்கும் குடியேறிகளையும், அமெரிக்கப் படையாட்களுக்கு வியட்நாமில் பிறந்து தந்தையற்று விடப்பட்ட பிள்ளைகளையும் பற்றிய பாட்டு. ஆனால் பாடிய குரல் ஒரு பெண்ணுடையது. கடைப் பையன், “சேர், இது எங்கட பிள்ளை, மாயா” என்றான். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரினால் லண்டனுக்குப் போன மாதங்கி அருள்பிரகாசம், 2007 இல் தன் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டை அந்தப் பழைய இசையின் மேல் கட்டியிருந்தார். அது விசாவைப் பற்றியும், குடியேறிகளை உலகம் பார்க்கும் பார்வையைப் பற்றியும் பேசும் பாட்டு. அதை எழுதியவர்கள் என்ற பட்டியலில் கிளாஷ் குழுவினர் நால்வரின் பெயர்களும் இருக்கின்றன. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ஒஸ்கார் படத்திலும் அது ஒலித்தது. ஒட்டுமில்லை உறவுமில்லை என்று இனியும் எப்படிச் சொல்வது?

நமது கூத்து மரபு அழிந்துவிடும் என்று அன்பர் கவலைப்படுகிறார். அந்தக் கவலை எனக்கும் உண்டு. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைச் சிறுவயதில் விடிய விடிய இருந்து பார்த்தவன் நான். ஒலிவாங்கி இல்லாத காலத்தில், மத்தளத்துக்கும் சல்லாரிக்கும் மேலாகத் தன் குரல் கடைசிப் பாய்வரை போக வேண்டும் என்று கூத்தை நடத்தும் அண்ணாவியார் நெஞ்சைத் திறந்து எடுத்த பாட்டை நகரத்துச் சபாக்காரர் கேட்டால் அவர்களும் அதைக் கூச்சல் என்றே சொல்லியிருப்பார்கள். ஸ்ட்ரமரின் தொண்டை எனக்கு அந்நியமாகப் படாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். குரலின் அழகைவிட, சொல்ல வந்தது போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பே இரண்டிலும் முன்னிற்கிறது.

அந்தக் குழு குறையற்றது என்று நான் வாதிட வரவில்லை. போதைக்கு அடிமையான ட்றம்ஸ் கலைஞர் ரொப்பர் ஹெடனை 1982 இலும், மிக் ஜோன்ஸை மறு ஆண்டிலும் வெளியேற்றினார்கள். அதன்பின் 1985 இல் வந்த கடைசி இசைத்தட்டு எனக்கே கேட்கப் பிடிக்காது. பிரித்தானியாவில் அவர்களுடைய பாட்டொன்று முதலிடத்துக்கு வந்தது குழு கலைந்த பின்னர், 1991 இல், ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தின் தயவால் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. இவையெல்லாம் தெரிந்த பின்னரும் அந்தப் பத்தொன்பது பாட்டுகள் மீது எனக்குள்ள பற்று ஒரு துளியும் குறையவில்லை.

மேடையில் நிறுத்தப்பட்ட அந்த நால்வர் பற்றி அன்பர் அறியாத ஒன்று உண்டு. அவர்கள் அந்தப் பாட்டை என்னிடமுள்ள பிரதியிலிருந்தே கேட்டுப் பழகினார்கள். வாய்க்காலில் விழுந்த நாடாவின் அந்த ஒரு விநாடி வரும் இடத்தில், நால்வரும் கையை எடுத்து, ஒரு கணம் அமைதியாக நின்று, மறுபடி ஒன்றாக விழுகிறார்கள். அது பாட்டின் பகுதி என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். நான் பின்னர் விளக்கினேன். விளக்கிய பிறகும், அது இருக்கட்டும் சேர் என்றார்கள். மண்டபத்தில் பாட்டு அந்த இடத்தை அடைவதற்கு முன்பே ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். அடுத்த முறை முழுப் பாட்டையும் பாட இடம் தாருங்கள் என்று விழா நடத்துபவர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை காத்திராமல், வரும் டிசம்பர் 22 அன்று, ஸ்ட்ரமரின் நினைவு நாளில், மாலை ஐந்து மணிக்கு, திருநகரில் எங்கள் வீட்டு முற்றத்தில் அவர்கள் வாசிக்க இருக்கிறார்கள். கடிதம் எழுதிய அன்பரை அன்போடு அழைக்கிறேன். பெரியம்மா இருந்து கேட்ட சாய்மனைக் கதிரை இப்போது இல்லை. வேறொன்று அவருக்காக முன்வரிசையில் போட்டு வைத்திருப்பேன். மாரிகாலமாதலால் மழை வந்தால் விறாந்தைக்கு மாறிக்கொள்வோம்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைக் கணித ஆசிரியர்,
திருநகர், கிளிநொச்சி.